வெள்ளி பிர்ச்: ஒரு மரமும் அதன் பேரில் நிற்கும் சான்றுகளும்

வெள்ளி பிர்ச் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அங்கிருந்து கிழக்கே சைபீரியா வரையிலும் வளரும் இலையுதிர் மரம். தாவரவியல் பெயர் பெட்டுலா பெண்டுலா. 25 முதல் 30 மீட்டர் வரை உயரும் இம்மரத்துக்கு வெண்ணிறப் பட்டையும், நுனியில் தாழ்ந்து தொங்கும் மெல்லிய கிளைகளும் அடையாளம். தெற்கு ஐரோப்பாவில் இது மலைகளை ஒட்டியே காணப்படுகிறது. ஃபின்லாந்து 1988இல் இதைத் தன் தேசிய மரமாகத் தேர்ந்தெடுத்தது.

கற்காலத்துப் பசை, அரிய தோல்நோய்க்கான களிம்பு, பல்லைக் கெடுக்காத சர்க்கரை, மரக்கூழிலிருந்து துணி, தெருப்புகையை வடிக்கும் வேலி என இம்மரத்தின் பேரில் அறிவியல் இதழ்கள் பேசும் பயன்கள் பல. கூர்ந்து பார்த்தால் இச்சான்றுகள் ஒரே தரத்தவை அல்ல என்பது தெரியும். சில ஆய்வுகள் இந்தச் சிற்றினத்திலேயே செய்யப்பட்டவை. சில, உறவு மரங்களில் செய்யப்பட்டு இதன் மீது ஏற்றிச் சொல்லப்படுபவை. இன்னும் சில, எந்த மரத்திலிருந்து எடுத்தாலும் பொருந்தக்கூடிய ஒரு வேதிப்பொருளைப் பற்றியவை. இம்மூன்றும் பொதுவாசிப்பில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வெள்ளி பிர்ச்சுக்கே உரியதென்று உறுதியாகச் சொல்லத்தக்கது எது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

எந்த மரம்

குழப்பம் பெயரிடலில் இருந்தே தொடங்குகிறது. ஐரோப்பாவின் வெண்பட்டை பிர்ச் மரங்களை லின்னேயஸ் 1753இல் பெட்டுலா ஆல்பா என்ற ஒரே பெயரின் கீழ் வைத்தார். 1788இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பிரெக்ட் வில்ஹெல்ம் ரோத் அவற்றுள் ஒன்றைப் பெட்டுலா பெண்டுலா எனத் தனியே பிரித்தார். எஞ்சியது பெட்டுலா பியூபெசென்ஸ். இளங்கிளைகளில் மென்மயிர் படர்ந்திருப்பதால் அதை இங்கு மயிர் பிர்ச் எனலாம். லின்னேயஸ் தந்த பெயர் இரண்டில் எதைக் குறிக்கிறது என்று தீர்க்க முடியாததால் அது பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் பழைய மருந்து நூல்களிலும் வணிகச் சீட்டுகளிலும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

வெள்ளி பிர்ச்சின் சிறுகிளைகளில் மயிர் இராது. கைக்குச் சொரசொரக்கும் பிசின் மருக்கள் இருக்கும். இலை முக்கோண வடிவில், விளிம்பில் பெரும்பல்லும் அதன்மேல் சிறுபல்லுமாக இருக்கும். வயதான மரத்தின் அடிப்பட்டை வெடித்து, கரிய சாய்சதுரத் திட்டுகளாக மாறும். மயிர் பிர்ச் ஈரநிலத்தையும் குளிர்ந்த வடபகுதியையும் கூடுதலாகத் தாங்கும். நூலில் தெளிவாகத் தோன்றும் இந்த வேறுபாடுகள் காட்டில் அவ்வளவு தெளிவாக இல்லை. இடைப்பட்ட உருவங்கள் மிகுதி என்பதால், 1986இல் அட்கின்சன், காட்லிங் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இலையின் சில அளவுகளைக் கூட்டிக் கழித்துச் சிற்றினத்தைத் தீர்மானிக்கும் வாய்பாடு ஒன்றையே உருவாக்க வேண்டியிருந்தது.

ஐயத்துக்கு இடமில்லாத வேறுபாடு செல்லுக்குள் இருக்கிறது. வெள்ளி பிர்ச் 28 குரோமோசோம்கள் கொண்ட இருமடியம். மயிர் பிர்ச் 56 கொண்ட நான்மடியம். எண்ணிக்கை இப்படி வேறுபட்டாலும் இரண்டும் கலப்பதுண்டு. பிரிட்டனின் பிர்ச் மரங்களை மரபுக் குறியீடுகளால் ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, மரபணுக்கள் இருமடிய இனங்களிலிருந்து மயிர் பிர்ச்சுக்குள் ஒருவழியாகப் பாய்ந்திருப்பதைக் காட்டியது. மயிர் பிர்ச் எனப்படும் மரத்துக்குள்ளும் வெள்ளி பிர்ச்சின் மரபு ஓரளவு இருக்கலாம் என்பது இதன் பொருள். கிழக்காசியாவின் வெண்பட்டை பிர்ச்சைச் சிலர் தனிச் சிற்றினமாகவும் வேறு சிலர் வெள்ளி பிர்ச்சின் துணையினமாகவும் கொள்கின்றனர். இமயமலையின் பூர்ஜமரமோ ஐயமின்றி வேறு சிற்றினம்.

முன்னோடியின் வாழ்க்கை

தீ, புயல், மரவெட்டு ஆகியவற்றால் திறந்துகிடக்கும் நிலத்தில் முதலில் குடியேறும் மரங்களுள் வெள்ளி பிர்ச் ஒன்று. சூழலியலார் இத்தகையவற்றை முன்னோடி இனங்கள் என்பர். இதன் விதை இறகு பொருந்திய மிகச் சிறிய கொட்டை. ஆயிரம் விதைகளைச் சேர்த்து நிறுத்தாலும் ஒரு கிராம் தேறாது. காற்று அவற்றைத் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. சேமித்த உணவு விதையில் சொற்பமே என்பதால், தழை மூடாத வெற்று மண்ணும் நேர் வெளிச்சமும் கிடைத்தால்தான் நாற்று பிழைக்கும். முதல் சில பத்தாண்டுகளில் வளர்ச்சி வேகம் மிகுதி. பின்னர் நிழல் தாங்கும் ஸ்புரூஸ் போன்ற மரங்கள் அடியிலிருந்து எழுந்து மூடிவிடும். ஒரு நூற்றாண்டைத் தாண்டி வாழும் வெள்ளி பிர்ச் அரிது.

இந்தப் பரவலான எல்லைக்குள் ஒவ்வொரு வட்டாரத்து மரமும் தன் ஊரின் இரவு நீளத்துக்குப் பழகியிருக்கிறது. கோடை முடிவில் இரவு ஒரு குறிப்பிட்ட நீளத்தை எட்டும்போது தண்டு வளர்வதை நிறுத்தி மொட்டு கட்டுகிறது. வடக்கத்தி விதையைத் தெற்கே நட்டால் அது பருவத்துக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திக் குட்டையாகிவிடும். தெற்கத்தி விதையை வடக்கே நட்டால் உறைபனி வரும்வரை வளர்ந்துகொண்டிருந்து கருகும். இலை துளிர்ப்பதைத் தீர்மானிப்பது பெரிதும் குளிர்காலக் குளிரும் அதன்பின் வரும் வெப்பமும். வெப்பம் மாறிவருகிறது, பகல்நீளம் மாறாது. ஆகவே துளிர்ப்பும் வளர்ச்சி நிறுத்தமும் இனி எப்படி ஒத்துப்போகும் என்பது காட்டியலாருக்கு நடைமுறைக் கேள்வி. இந்தப் பகுதியில் சான்று வலுவானது; பல நாட்டு நாற்றங்கால் சோதனைகள் இதே சிற்றினத்தில் செய்யப்பட்டவை.

வேரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவதன் நிலை வேறு. வெள்ளி பிர்ச்சின் வேர்நுனிகளில் பல பூஞ்சைகள் கூட்டாக வாழ்கின்றன. வெண்புள்ளியிட்ட சிவப்புக் குடைக்காளான் அவற்றுள் பெயர்பெற்றது. மரங்கள் பூஞ்சை இழைகள் வழியே ஒன்றுக்கொன்று உணவு அனுப்புகின்றன என்ற கருத்தைப் பரப்பியது 1997இல் நேச்சர் இதழில் சுசான் சிமார்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. அது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வட அமெரிக்கக் காகித பிர்ச்சுக்கும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கும் இடையே கதிரியக்கக் கார்பனைப் பின்தொடர்ந்து செய்யப்பட்டது. வெள்ளி பிர்ச் அதில் இல்லை. 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட் முதலானோர் இத்துறையின் கள ஆய்வுகளைத் திறனாய்ந்து, பூஞ்சை வலை பற்றிய மக்கள் நம்பிக்கை சான்றை விஞ்சிவிட்டது என்று எழுதினர். ஐரோப்பியப் பூங்காக்களில் நிற்கும் பிர்ச் மரத்தைச் சுட்டி அக்கதையைச் சொல்வது இருமடங்கு நீட்டல்.

பூச்சியெதிர்ப்பு பற்றிய புகழ்பெற்ற ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. தின்னப்பட்ட மரம் அடுத்த இலைகளைத் தரம் குறைத்துப் பழிவாங்குகிறது என்ற கருதுகோளை 1970களில் எர்க்கி ஹவ்கியோயா ஃபின்லாந்தின் வடகோடியில் வளர்த்தெடுத்தார். அவர் பயன்படுத்தியது மலைப் பிர்ச். அது மயிர் பிர்ச்சின் துணையினம். வெள்ளி பிர்ச்சின் நாற்றுகளைப் பொறுத்தவரை நேரடியாகக் காட்டப்பட்டது, இளங்கிளையின் பிசின் மருக்களிலுள்ள டிரைடெர்ப்பீன்கள் முயலை விலக்குகின்றன என்பது. மூஸ் மானுக்கும் வயலெலிக்கும் அந்தத் தடை போதவில்லை. 1990களின் தொடக்கத்தில் உச்சத்திலிருந்த ஃபின்லாந்தின் பிர்ச் நடவு பின்னர் சரிந்ததற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணம்.

2016இல் எடு புட்டோனன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு செய்தித்தாள்களில் ‘மரங்கள் உறங்குகின்றன’ என்ற தலைப்பில் வந்தது. ஃபின்லாந்தில் ஒன்றும் ஆஸ்திரியாவில் ஒன்றுமாக ஏறத்தாழ 5 மீட்டர் உயர வெள்ளி பிர்ச் மரங்களை இரவு முழுதும் லேசர் கதிரால் வருடி அளந்தபோது, கிளைகள் 10 சென்டிமீட்டர் வரை தாழ்ந்து, விடியற்காலையில் மீண்டும் எழத் தொடங்கின. அளவீடு நேர்த்தியானது, மரமும் சரியான மரம். ஆனால் பார்த்தது இரண்டே மரங்கள், ஒவ்வொன்றும் ஓர் இரவு. தாழ்ச்சிக்குக் காரணம் செல்களின் நீரழுத்தமா, உள்கடிகாரமா என்பதை அந்த அளவீட்டால் பிரிக்க இயலாது. உறக்கம் என்பது செய்தியாளர் சேர்த்தது.

மரபணுத்தொகை

மரங்களின் மரபியலை ஆராய்வதில் காத்திருப்பே பெரிய தடை. இயல்பான சூழலில் வெள்ளி பிர்ச் பூக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். கண்ணாடிக் குடிலில் வலுவான ஒளியும் கூடுதல் கார்பன் டை ஆக்சைடும் தந்தால் ஓராண்டுக்குள் பூக்க வைக்கலாம் என்பது ஃபின்லாந்து ஆய்வாளர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. இதனால் தன்னையே தான் கருவுறச் செய்து பல தலைமுறை கடந்த மரவழி ஒன்றை உருவாக்க முடிந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வெளியான மரபணுத்தொகை அத்தகைய மரத்தினுடையது. அதன் அளவு சுமார் 440 மெகாபேஸ். புரதம் குறிக்கும் மரபணுக்கள் 28,399 எனக் கணிக்கப்பட்டன. பாப்லர் மரத்தின் வரலாற்றில் காணப்படும் பிற்கால முழுத்தொகை இரட்டிப்பு இதில் இல்லை. பன்மடியங்கள் மலிந்த ஒரு பேரினத்தில் இவ்வளவு எளிய அமைப்பு கிடைத்தது பின்வந்த ஆய்வுகளுக்கு நல்ல அடித்தளம்.

வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து 80 மரங்களின் தொகையையும் அக்குழு வாசித்தது. பெரிய தட்பவெப்ப மாற்றங்களின்போது மரங்களின் எண்ணிக்கை சரிந்ததற்கான தடயமும், ஒளியை உணர்வதிலும் மரக்கட்டை உருவாவதிலும் பங்குள்ள மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடயமும் கிடைத்தன. இரவு நீளத்துக்கு வட்டார மரங்கள் பழகியிருப்பதாக நாற்றங்கால் காட்டியதற்கு இது மரபணு அளவிலான துணைச்சான்று. தேர்வுத் தடயம் என்பது புள்ளியியல் சுட்டல்தான். குறிப்பிட்ட மரபணுவை மாற்றிப் பார்த்து உறுதிசெய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் தனியே தேவைப்படும்.

பட்டை

ரோத் இம்மரத்துக்குப் பெயரிட்ட அதே 1788இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலார் தோபியாஸ் லோவிட்ஸ் பிர்ச் பட்டையைச் சூடாக்கியபோது வெண்ணிறப் படிகங்கள் பதங்கமாகிப் படிந்ததைக் கண்டார். தாவரங்களிலிருந்து தூய்மையாகப் பிரிக்கப்பட்ட முதல் வேதிப்பொருள்களுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் பெட்டுலின் என்று பெயர்பெற்ற அது, லூப்பேன் வகை டிரைடெர்ப்பீன்.

பட்டையின் புறப்பகுதி மெல்லிய தக்கைத் தாள்கள் அடுக்கிய அமைப்பு. அதன் செல்களின் உள்ளறைகளை பெட்டுலின் படிகங்கள் நிரப்புகின்றன. வெண்மை அவற்றால் வருகிறது. புறப்பட்டையின் உலர் எடையில் 30 விழுக்காடு வரை பெட்டுலினாக இருக்கக்கூடும். செல்சுவரில் சூபரின் என்னும் நீர்புகாப் பொருள் மிகுந்திருக்கிறது. கட்டையில் நீடித்து உழைக்கும் வைரம் கிடையாது. விழுந்த மரத்தின் உட்பகுதி உளுத்துப் பொடியான பின்னும் பட்டைக்குழல் உருக்குலையாமல் காட்டில் கிடக்கும். வெண்மை எதற்கு என்பதில் ஒருமித்த முடிவில்லை. குளிர்காலத்தில் தாழ்ந்து விழும் வெயிலைத் திருப்பியனுப்பித் தண்டின் வெப்ப ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது என்பது அதிகம் சொல்லப்படும் விளக்கம். பூச்சியும் பூஞ்சையும் அணுகாமல் தடுக்கும் பொருளின் பக்கவிளைவே நிறம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒருசேர உண்மையாகவும் இருக்கலாம்.

ரஷ்யாவின் நொவ்கொரோத் நகரின் ஈரமண்ணில் 1951 முதல் கிடைத்துவரும், 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டை மடல்கள் இந்தத் தாங்குதிறனுக்குச் சான்று. காந்தாரத்துப் பௌத்தச் சுருள்களும் பிர்ச் பட்டையில் எழுதப்பட்டவைதாம். அவை இமயமலைப் பூர்ஜமரத்தின் பட்டை. பனையோலை கிடைக்காத குளிர்நாட்டில் ஓலைச்சுவடியின் இடத்தை ஒரு பட்டை பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

தார்

பட்டையைக் காற்றுக் குறைவாகச் சூடாக்கினால் கரிய, ஒட்டும் தார் வடியும். இத்தாலியின் காம்பிடெல்லோவில் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுப் பழமையுடைய கல்சில்லுகளில் படிந்திருந்த பிர்ச் தார், மனிதக் கிளையினர் செய்த மிகப் பழைய பசை எனப்படுகிறது. செய்தவர்கள் நியாண்டர்தால்கள். நெதர்லாந்தின் கடற்கரை மணலில் கிடைத்து 2019இல் விவரிக்கப்பட்ட 50,000 ஆண்டுப் பழைய சில்லு மற்றொன்று.

தார் கிடைத்ததை யாரும் மறுப்பதில்லை. அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதில்தான் பிணக்கு. வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, காற்றை மறைத்து, பல படிகளில் செய்தால்தான் தார் வரும் என்ற எண்ணத்தில், இது நியாண்டர்தால்களின் திட்டமிடும் அறிவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டு வந்தது. 2017இல் பால் கோசோவிக் குழுவினர் சாம்பல்மேடு, குழி, மேடையமைப்பு ஆகிய மூன்று வழிகளில் செய்துபார்த்து, மண்பானை இல்லாமலும் வெப்பத்தை நுணுக்கமாகக் காக்காமலும் தார் எடுக்க முடியும் என்று காட்டினர். 2019இல் பாட்ரிக் ஷ்மிட் குழுவினர் ஒருபடி மேலே போயினர். வழவழப்பான கல்லின் அருகே பட்டையை வெளிக்காற்றில் எரித்தாலே கல்லின்மேல் தார் படியும்; சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் தார், தற்செயலாகவும் கண்டறியக்கூடிய பொருள். பெரிய அறிவைத் தனியே அது நிறுவாது. கோசோவிக் தரப்பு, இவ்வழியில் கிடைக்கும் அளவு சொற்பம் என்று மறுத்தது.

விவாதத்தை நகர்த்தியது ஷ்மிட் தரப்பே. ஜெர்மனியின் கோனிக்சாவேயில் 1963இல் கிடைத்த இரு தார்த் துண்டுகளின் வேதியமைப்பை, வெவ்வேறு வழிகளில் செய்த புதிய தார்களோடு ஒப்பிட்டு அவர்கள் 2023இல் வெளியிட்ட முடிவு, அத்துண்டுகள் காற்று புகாமல் நிலத்தடியில் செய்யப்பட்டவை என்பது. முன்னர் எளிய வழியைச் சுட்டிக்காட்டியவர்களே கடினமான வழிக்குச் சான்று தந்திருப்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஆயினும் இரு துண்டுகளிலிருந்து ஓர் இனத்தின் மரபுக்கே முடிவு கட்டுவது பொறுமையின்மை. கோனிக்சாவே முடிவு காம்பிடெல்லோவுக்குத் தானாகவே பொருந்தாது. இடையில் ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல் கிடக்கிறது.

இந்தத் தார்களில் வெள்ளி பிர்ச் எங்கே? வேதிப்பகுப்பில் பெட்டுலினும் மற்றொரு டிரைடெர்ப்பீனான லூப்பியோலும் தெரிந்தால் அது பிர்ச் எனலாம். எந்த பிர்ச் என்று சொல்ல அது போதாது. டிஎன்ஏ கிடைக்குமிடத்தில் நிலைமை மாறுகிறது. டென்மார்க்கின் லோலாண்ட் தீவில், சில்ட்ஹோம் என்னும் இடத்தில் கிடைத்த 5,700 ஆண்டுப் பழைய மென்ற தார்த் துண்டிலிருந்து ஒரு பெண்ணின் முழு மரபணுத்தொகையை 2019இல் ஆய்வாளர்கள் மீட்டனர். கரிய தோல், கரிய கூந்தல், நீலக் கண்கள் கொண்டிருந்திருக்கக்கூடிய அவளுடைய எச்சிலோடு எப்ஸ்டீன்-பார் வைரஸும், காட்டு வாத்து, ஹேசல் கொட்டை ஆகியவற்றின் டிஎன்ஏவும் அதில் இருந்தன. வெள்ளி பிர்ச்சின் டிஎன்ஏவும் கிடைத்தது. தொல்பொருள் தார் ஒன்றை இந்தச் சிற்றினத்தோடு இணைக்கும் அரிய நேர்ச்சான்று இது. ஒப்பிட வெள்ளி பிர்ச்சின் தொகை அப்போது கைவசம் இருந்ததும் இதற்கு உதவியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

பட்டையிலிருந்து மருந்து

பெட்டுலினை ஆக்சிஜனேற்றம் செய்தால் பெட்டுலினிக் அமிலம் கிடைக்கும். 1995இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, அது மெலனோமா புற்றுச்செல்களைத் தேர்ந்து அழிப்பதாக அறிவித்தபின் பிர்ச் பட்டை ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தது. அந்த ஆய்வில் அமிலம் பிரித்தெடுக்கப்பட்ட மரம் பிர்ச் அன்று. நம் ஊர்ப் புதர்க்காட்டில் நிற்கும் இலந்தை. பிர்ச் பட்டையில் மூலப்பொருள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதால் பெருமை அதன் பக்கம் சாய்ந்தது. முப்பதாண்டு கடந்தும் அந்த அமிலம் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை. நீரில் ஏறக்குறைய கரையாத அதன் தன்மை முக்கியத் தடை. அதிலிருந்து வடிவமைத்த பெவிரிமாட் என்னும் எச்ஐவி எதிர்ப்பு மருந்து மனிதச் சோதனை வரை சென்றது. வைரஸின் இயல்பான மரபு வேறுபாடுகளே பலரிடம் அதைச் செயலிழக்கச் செய்ததால் 2010 வாக்கில் முயற்சி நின்றது.

ஒப்புதல் வரை வந்தது, பட்டைச் சாறு அப்படியே சேர்ந்த களிம்பு. அதன் அமைப்பு சுவையானது: 10 பங்கு உலர்சாறும் 90 பங்கு சூரியகாந்தி எண்ணெயும் மட்டுமே. டிரைடெர்ப்பீன் துகள்களே எண்ணெயைக் கூழாக இறுக்கிவிடுவதால் வேறு கெட்டிப்பொருள் தேவையில்லை. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் எபிசால்வன் என்ற பெயரில் இதை மேலோட்டமான தோல்புண்களுக்கு ஏற்றது. ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடங்களில் செய்த சோதனையில் புண் ஆறும் காலம் ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது. நோயாளிக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு மதிப்புடையது என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

பிறவியிலேயே தோல் கொப்புளித்து உரியும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா நோய்க்கு இதே களிம்பைச் சோதித்த ஆய்வில் 223 பேர் பங்கேற்றனர். தேர்ந்தெடுத்த ஒரு புண் 45 நாளுக்குள் முழுதாக மூடியவர்கள் களிம்புக் குழுவில் 41.3 விழுக்காடு, சாறில்லாக் களிம்புக் குழுவில் 28.9 விழுக்காடு. முதன்மைக் குறிக்கோள் எட்டப்பட்டது. வலி, அரிப்பு, உடலில் பரவிய புண்ணின் அளவு போன்ற துணைக் குறிக்கோள்களில் புள்ளியியல்படி வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்க ஒழுங்காற்று அமைப்பு 2022 பிப்ரவரியில் விண்ணப்பத்தைத் திருப்பியது; ஐரோப்பா அதே ஆண்டு ஜூனில் ஃபில்சுவேஸ் என்ற பெயரில் ஏற்றது; அமெரிக்காவும் 2023 டிசம்பரில் இசைந்தது. அப்போது வேறு மருந்து ஏறக்குறைய இல்லாதிருந்த கொடிய நோய் என்பதை வைத்துப் பார்த்தால் இசைவு நியாயமானதே. பிர்ச் பட்டை எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்று விளம்பரம் செய்ய அந்தத் தரவு இடம் தராது.

ஃபில்சுவேஸின் அங்கீகார ஆவணம் மூலப்பொருளாகக் குறிப்பது வெள்ளி பிர்ச், மயிர் பிர்ச், இரண்டின் கலப்பினங்கள் ஆகியவற்றின் பட்டை. ஐரோப்பிய மருந்துநூல் பிர்ச் இலைக்கும் இதே நிலைப்பாட்டை எடுக்கிறது. தாவரவியலார் இலை அளந்து தவிக்கும் வேறுபாட்டை மருந்தியல் வேண்டுமென்றே பொருட்படுத்தவில்லை. டிரைடெர்ப்பீன்களின் அளவு சரியாக இருந்தால் அதற்குப் போதும்.

சர்க்கரையும் சாறும்

சைலிட்டால் ‘பிர்ச் சர்க்கரை’ என்றே விற்கப்படுகிறது. 1891இல் எமில் ஃபிஷரும் ருடால்ஃப் ஷ்டாஹெலும் அதை முதலில் பெற்றது பீச் மரச் சீவலிலிருந்து. பிர்ச் கட்டையில் அதன் மூலப்பொருளான சைலான் மிகுதி. ஃபின்லாந்தில் கட்டை மலிவு. ஆகவே 1970களில் அங்கே தொழில் வளர்ந்தது. இன்று உலகச் சந்தையில் மக்காச்சோளக் கதிர்த்தண்டிலிருந்து வருவதும் பெருமளவு உண்டு. மூலக்கூறில் எந்த வேறுபாடும் கிடையாது.

பல் பற்றிய கூற்றின் வேர், 1970களில் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்து 1975இல் வெளியான ஆய்வு. 125 பேர் இரண்டாண்டு காலம் உணவுச் சர்க்கரையை ஏறக்குறைய முழுதாக மாற்றிக்கொண்டனர். சைலிட்டால் குழுவில் புதிய சொத்தை அநேகமாக இல்லை. விளைவு வியக்கத்தக்கது. எல்லாச் சர்க்கரையையும் நீக்கியதால் வந்த நன்மையையும் சைலிட்டாலின் தனி நன்மையையும் பிரிப்பதுதான் கடினம். 2015இல் கொக்ரேன் அமைப்பின் திறனாய்வு கண்ட சிறந்த சான்று, சைலிட்டால் கலந்த ஃப்ளூரைடு பற்பசை வெறும் ஃப்ளூரைடு பற்பசையைவிட 13 விழுக்காடு கூடுதலாகச் சொத்தையைக் குறைத்தது என்பது. அதற்கும் தரம் குறைவு என்ற முத்திரை விழுந்தது. மெல்லும் பசை, மிட்டாய் ஆகியவற்றுக்குச் சான்று போதவில்லை என்றது அத்திறனாய்வு.

வசந்தத் தொடக்கத்தில், இலை விரியுமுன், வேரழுத்தத்தால் ஏறும் சாற்றைத் தண்டில் துளையிட்டு வடிப்பது வட ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் பழைய வழக்கம். அதிலுள்ள குளுக்கோசும் ஃப்ரக்டோசும் சேர்ந்து ஒரு விழுக்காடு அளவே. பதநீரோடு ஒப்பிட்டால் அது இனித்த தண்ணீர்தான். சிறுநீரகத்தையும் குருதியையும் அது தூய்மைப்படுத்தும் என்ற பேச்சுக்குத் தக்க மனிதச் சோதனைகள் கிடையா.

மரம், கூழ், துணி

மரத்தொழிலில் சான்று பற்றிய சச்சரவு குறைவு. கட்டை வெளிர்நிறம், சீரான இழை, நடுத்தரத்துக்கு மேற்பட்ட எடை. வெளியில் மழைபட்டால் விரைவில் உளுக்கும். ஃபின்லாந்தின் யுவாஸ்குலாவில் 1912இல் பிர்ச் ஒட்டுப்பலகைத் தொழில் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ கட்டையின் நுனியைப் பிளந்து, பசையிட்டு வளைத்துச் செய்த கால்கள் கொண்ட முக்காலி 1933இல் வந்தது. குறுநார்க் கூழ் எழுதும் தாளுக்கு ஏற்றது. ஆல்டோ பல்கலைக்கழகத்தில் உருவான அயோன்செல் முறை, அதே கூழை அயனித் திரவத்தில் கரைத்து நெசவுநாராக நூற்கிறது. 2018இல் ஃபின்லாந்துக் குடியரசுத் தலைவரின் துணைவி சுதந்திர நாள் விருந்துக்கு அணிந்த ஆடை அந்நாரால் ஆனது. வணிக அளவில் கரைப்பானை மீட்டு மறுபடி பயன்படுத்துவதுதான் இதன் சோதனைக்களம்.

சுருள்கோடுகள் ஓடும் கரேலிய பிர்ச் வெள்ளி பிர்ச்சின் மரபு வேற்றுருவம், உறவினமன்று. ஒரே ஓங்கு மரபணு இதற்குக் காரணம். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் நாற்று பிழைக்காது என்ற பழைய கருதுகோளைப் பிற்காலக் கலப்புச் சோதனைகள் பெரிதும் ஆதரிக்கின்றன. அறைகலனுக்காக அக்கட்டை எடைபோட்டு விற்கப்படுகிறது.

மகரந்தமும் தெருவோரமும்

முன்னோடி மரம் பூச்சியை நம்பாமல் காற்றில் தூவுகிறது. முந்தைய கோடையிலேயே உருவாகும் ஆண் பூங்கதிர்கள் வசந்தத்தில் நீண்டு, ஒவ்வொன்றும் பல லட்சம் மகரந்தத் துகள்களை விடும். காற்று அவற்றை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமக்கும். ஒவ்வாமையை உண்டாக்கும் முதன்மைப் புரதமான பெட் வி 1இன் மரபணுவை 1989இல் வியன்னாவில் பிரைட்டெனெடரும் குழுவினரும் படியெடுத்தனர். தாவர ஒவ்வாமைப் புரதங்களில் இது முதலாவது. நோய்க்கிருமிக்கு எதிராகத் தாவரங்கள் பெருக்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு ஆப்பிள், ஹேசல், கேரட் ஆகியவற்றில் ஒத்த உருவங்கள் உண்டு. அதனால் பிர்ச் ஒவ்வாமையுடைய பலருக்குப் சமைக்காத ஆப்பிளைக் கடித்தால் வாய் நமைக்கும். வேகவைத்தால் புரதம் குலைந்து தொல்லை நீங்கும். நாவின் கீழ் வைக்கும் மாத்திரை 2019 முதல் ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஆனால் நகரங்களில் நாள்தோறும் அறிவிக்கப்படும் மகரந்த எண்ணிக்கை ‘பெட்டுலா’ என்ற பேரினத்துக்கே. நுண்ணோக்கியில் வெள்ளி பிர்ச், மயிர் பிர்ச் துகள்களைப் பிரித்தெண்ணுவது நடைமுறையில் இயலாது. ஏரிச் சேற்று மகரந்தத்தைக் கொண்டு பனியுகத்துக்குப் பிந்தைய காட்டு வரலாறு எழுதுவோருக்கும் இதே இடர்.

இதற்கு எதிர்ப்புறம், வெள்ளி பிர்ச் காற்றைத் தூய்மைப்படுத்தும் மரமாகவும் முன்வைக்கப்படுகிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மாஹர் குழுவினர் 2013இல் ஒரு நெடுஞ்சாலையோர வீட்டு வரிசையின் முன் தொட்டிகளில் இளமரங்களை நிறுத்தினர். அவ்வீடுகளுக்குள் படிந்த துகள், மரமற்ற வீடுகளோடு ஒப்பிட பாதிக்கு மேல் குறைந்தது. 2019இல் காற்றுச்சுரங்கச் சோதனையில் டீசல் புகையின் மீநுண் துகளில் 79 விழுக்காட்டை வெள்ளி பிர்ச் வடித்ததாகவும், ஒப்பிட்ட மரங்களில் அதுவே முதலிடம் என்றும் அதே குழுவினர் தெரிவித்தனர். இலையின் சிறுமயிரும் மேடுபள்ளமும் துகளைப் பிடிக்கின்றன என்பது விளக்கம். சோதனை வெள்ளி பிர்ச்சிலேயே செய்யப்பட்டது, முடிவும் தெளிவு. எனினும் வீடுகள் மிகச் சில, காலம் சில நாட்கள். நகரம் முழுதுக்கும் கணக்கிட்ட பிரிட்டனின் காற்றுத்தர வல்லுநர் குழு 2018இல், மரநடவால் துகள் செறிவு குறைவது சிறிதளவே என்று முடிவுசெய்தது. ஒடுங்கிய தெருவில் அடர்ந்த கிளைகள் காற்றோட்டத்தைத் தடுத்துப் புகையைத் தேக்கவும் கூடும்.

நகர நடவுத் திட்டங்களில் மகரந்தம், புகைத்துகள் என்ற இவ்விரு ஆய்வுமரபுகளும் ஒன்றையொன்று அரிதாகவே மேற்கோள் காட்டுகின்றன. மாஹர் பயன்படுத்தியவை தொட்டியில் அடங்கும் இளமரங்கள். அவை நிலத்தில் நின்று பூக்கும் வயதை எட்டும்போது, புகைத்துகளைப் பிடிக்கும் அதே தெருவில் பெட் வி 1ஐயும் தூவும். ஆண்டுதோறும் கத்தரித்து இளமையாகவே வைத்திருக்கும் வேலியாக வளர்த்தால் பூங்கதிர் குறையும், இலைப்பரப்பு முகமட்டத்தில் நிற்கும். அப்படி வளர்த்த வேலியில் துகளையும் மகரந்தத்தையும் ஒருசேரப் பல பருவங்கள் அளந்தால்தான் தெருவோர பிர்ச்சின் லாப நட்டத்தைக் கணக்கிட முடியும்.